ஆர் கண்டது?

போன மாதம் ஒரு மத்தியானம், முன்பள்ளி வான் வருகிற நேரம் கடந்தும் வரவில்லை. தாய்மார் எல்லோரும் இருக்கிற போன் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. பெரிய வீதியில் பிள்ளைகள் வான் ஒன்று லொறியோடு அடிபட்டுவிட்டதாம். அதற்குக் கீழே வரிசையாக அழுகிற முகங்களும் கும்பிடுகிற கைகளும். என் மகளுக்கு நான்கு வயது. அவளைக் காலையில் அனுப்பும்போது லேசாக இருமினாள். அனுப்பியது சரியா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா, ஒன்றும் நினைவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது என் வாய் தன்பாட்டில் ஒரு இங்கிலிஸ் சொல்லைச் சொன்னது.

அலெஜட்லி.

சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. குழுவில், "கண்டது ஆர்?" என்று கேட்டு எழுதினேன். எவரும் காணவில்லை. ஒருவர் தங்கை சொன்னதாகச் சொன்னார், இன்னொருவர் கடையில் கதைத்ததாகச் சொன்னார். அதற்கிடையில் வான் வந்து நின்றது. தோட்டவெளிக்கு இங்கால் கழுதைகள் கூட்டமாக வீதியில் படுத்துக்கிடந்தனவாம். சாரதி இறங்கிப் போய்த் தட்டித்தான் எழுப்பினாராம். என் மகள் இறங்கி வந்து, குட்டிக் கழுதைக்குத் தாய்க் கழுதையைவிட நீளக் காது என்றாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, கை கால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். "கூசுது அம்மா" என்று நெளிந்தாள்.

அந்தச் சொல் என்னிடம் வந்தது நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது. அப்போது நாங்கள் தலைமன்னார்ப் பக்கம், தென்கடல் ஓரத்தில் இருந்தோம். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள் நான். யுத்தம் முடிந்து திரும்பிவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முகாமில் இருந்தபோது அங்குள்ள பள்ளிக்கூடத்தில் என்னைச் "சிலோன்காரி" என்றார்கள். இங்கே வந்த பிறகு, "ஓம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆமா" என்று சொல்லிவிடுவேன். வகுப்பு முழுக்கச் சிரித்து, "இந்தியாக்காரி" என்பார்கள். தமிழில் வாயைத் திறந்தாலே ஏதோ ஒரு கரையில் பிழையாகிவிடும். இங்கிலிஸ் அப்படி இல்லை. அது வகுப்பில் ஒருவருக்குமே சரியாக வராது. அதனால் அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆங்கில தினத்துக்குச் செய்தி வாசிக்கும் போட்டி வைத்தார்கள். எங்கள் இங்கிலிஸ் மிஸ் பட்டணத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற இளவயதுக்காரி. வெயிலுக்குக் கைக்கு முழங்கை வரை துணி உறை போட்டுக்கொண்டு வருவா. அவ எனக்காக ஒரு செய்தியைத் தானே எழுதித் தந்தா. தெற்கே ஏதோ ஒரு ஊரில் ஒரு ஆள் பக்கத்து வீட்டு மாட்டைத் திருடி லொறியில் ஏற்றிக்கொண்டு போன கதை. கதை சின்னது, ஆனால் வரிக்கு வரி பெரிய பெரிய சொற்கள். அந்த ஆள் அலெஜட்லி மாட்டைத் திருடினான். மாடு ரிப்போட்டட்லி லொறியில் காணப்பட்டது. லொறி சப்போசட்லி அவனுடைய மச்சானுடையது.

"மிஸ், அவன் திருடினதுதானே? பிறகு ஏன் இந்தச் சொல்லு?"

"நீர் கண்டனீரோ?"

"இல்லை மிஸ்."

"நானும் காணேல்லை. பேப்பர்க்காரனும் காணேல்லை. ஆரோ சொல்லித்தான் கேட்டது. கண்ணால காணாததைச் சொல்லேக்க இதில ஒண்டைப் போட்டிட்டுச் சொல்லவேணும். இல்லாட்டி நாளைக்கு அந்த ஆள் வழக்குப் போடக் கோட்டுக்குப் போவான்."

கோட்டுக்குப் போகாமல் என்னைக் காப்பாற்றும் சொற்கள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் போடத் தொடங்கினேன். எங்கள் பக்கத்து வளவில் மாமி இருந்தா. அப்பாவின் மூத்த அக்கா. ஊரில் நடப்பது எதுவும் மாமியிடம் வராமல் போகாது; வந்தது எதுவும் மாமியிடம் தங்காது. அவ வேலிக்கு மேலால் தலையை நீட்டி, கீழத்தெருப் பெட்டை ஒருத்தி பொடியனோடு ஓடிவிட்டாளாம் என்று அம்மாவிடம் சொல்வா. நான் இந்தப் பக்கம் மீன் உரசிக்கொண்டே, "அலெஜட்லி" என்பேன்.

"என்னடி அது, லட்லி லட்லி எண்டு? தூசணமோ?"

"இல்லை மாமி. நீங்கள் காணேல்லைத்தானே."

"நான் காணாட்டி என்ன, ஊரே சொல்லுது!"

"அப்ப ரிப்போட்டட்லி."

மாமி அம்மாவைப் பார்த்து, "உன்ர மோளின்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடு பிள்ளை. போற வீட்டில உலக்கையாலதான் வாங்குவாள்" என்பா. அம்மா எனக்கு ஒரு முறைப்பு வைப்பா. அம்மாவுக்குப் பெரியவர்களோடு குறுக்கே கதைப்பது பிடிக்காது. தான் கதைப்பதையே ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்துவிட்டுக் கதைக்கிறவ. கறியில் உப்புப் போட்டேனா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறவ. இப்போது என்னைப் பார்த்து என் கணவர் அதையே சொல்கிறார்.

அப்பாவுக்கு மட்டும் அந்தச் சொற்கள் நல்லாய்ப் பிடித்துவிட்டன. அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். நாக்குப் புரளாமல் "அலசட்லி" என்று சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால், "குழம்பில மீன் இருக்காம், அலசட்லி" என்று அகப்பையால் கிண்டிப் பார்ப்பார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தகப்பனும் மோளும் ஒரு கோட்டுக்குத்தான் போகப்போறியள்" என்பா.

போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அது நடந்தது. கிழக்கிலிருந்து கொண்டல் காற்று வீசுகிற காலம். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் நண்டு வலைக்குப் போவார்கள். அன்று சித்தப்பாவுக்குப் பல்லுவலி. கன்னம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அப்பா சின்ன வள்ளத்தில் தனியாகப் போனார். தனியே போக வேண்டாம் என்று அம்மா சொன்னா. பின்னேரம் வைத்த வலை, விடிய எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று அப்பா சொன்னார். தான் இன்னும் ஒரு தரம் மறித்திருந்தால் என்று அம்மா பிறகு பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தா.

விடிந்தது. வெயில் ஏறியது. அப்பா வரவில்லை. சித்தப்பா வீங்கின கன்னத்தோடு படகை எடுத்துக்கொண்டு போனார். ஊரிலிருந்த மற்றப் படகுகளும் போயின. நேவிக்கும் சொல்லியாயிற்று. அன்று முழுக்கத் தேடிவிட்டு, மண்ணெண்ணெய் முடிந்து, ஒன்றொன்றாகத் திரும்பி வந்தார்கள். மறுநாளும் போனார்கள். அந்த நாள் மத்தியானம் தள்ளி, மேற்கே வெகுதூரத்தில் அப்பாவின் வள்ளத்தைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வள்ளத்தில் ஆள் இல்லை. அவருடைய நீலச் சட்டையும் சாப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. நங்கூரக் கயிறு அறுந்திருந்தது.

வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் வந்து பாயில் இருந்தார்கள். இன்னும் அழ வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, செபமாலையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரிந்ததாக இல்லை. யாரோ எனக்கும் என் சின்னத் தங்கச்சிக்கும் பிளேன்டீயும் பிஸ்கட்டும் தந்தார்கள். வீட்டில் ஆட்கள் நிறைந்ததால் அப்பா வந்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன்.

பின்னேரம் மாமியின் போன் அடித்தது. மாமியின் மூத்த மகள் கலியாணம் கட்டி முகாமிலேயே தங்கிவிட்டவள், அங்கிருந்து எடுத்தாள். மாமி கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு போனைக் கையிலிருந்து விட்டுவிட்டு, நிலத்தில் விழுந்து புரண்டா. அக்கரையில் ஒரு சடலம் ஒதுங்கியிருக்கிறதாம். ஆம்பிளையாம். மேலில் சட்டை இல்லையாம். கழுத்தில் உத்தரியம் இருந்ததாம்.

உத்தரியம் என்றால், கறுப்பு நூலில் இரண்டு சின்னத் துணித்துண்டுகள் கோத்து, மாதாவின் படம் தைத்துக் கழுத்தில் போடுவது. அப்பாவின் கழுத்தில் ஒன்று எப்போதும் கிடந்தது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். சட்டை வள்ளத்தில் கிடந்தது; உத்தரியம் அக்கரையில் கிடந்தது. அதற்குமேல் எவருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. செபமாலை நின்றது. ஒப்பாரி தொடங்கியது.

"என்ர தம்பி போயிட்டானே! கடல் கொண்டு போயிட்டுதே! செத்துப்போனானே என்ர ராசா!"

நான் மூலையில் நின்று மாமியைப் பார்த்தேன். மாமி காணவில்லை. மாமியின் மகளும் கண்டதாகச் சொல்லவில்லை. எத்தனையோ நாளாகப் பழகியது. வாயில் தானாக வந்துவிட்டது.

"அலெஜட்லி" என்றேன்.

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஒப்பாரி அப்படியே நின்றது. மாமி தலையைத் தூக்கி, தலைமயிர் எல்லாம் முகத்தில் கிடக்க, என்னைப் பார்த்தா. இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு உடம்பு கூசும்.

"தகப்பன் செத்துக் கிடக்கிறான், இவளுக்குப் பகிடி! பெத்து வச்சிருக்கிறாய் பார்!"

அம்மா அதுவரை சுவரில் சாய்ந்து, அழாமல் இருந்தா. எழும்பி வந்தா. என் கன்னத்தில் ஒன்று விழுந்தது. பெரிய அடியில்லை. ஆனால் எல்லோருக்கும் முன்னால் விழுந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய், கதவைச் சாத்தினா.

இன்னும் அடி இருக்கிறது என்று நினைத்து நான் முகத்தை மறைத்தேன். அம்மா அடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றா.

"அந்தச் சொல்லென்ன? இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"அதுக்கு என்ன கருத்து எண்டு மிஸ் சொன்னவ?"

"கண்ணால காணாததைச் சொல்லேக்க போடுறது."

"காணாட்டி அது பொய்யோ?"

"பொய்யெண்டும் இல்லையம்மா. உண்மையெண்டும் இல்லை. இன்னும் தெரியாது எண்டு அர்த்தம்."

அம்மா குனிந்து அடுப்புக் கல்லை நேராக்கி வைத்தா. பிறகு, "உன்ர செய்தியை வாசி" என்றா. போட்டி வருகிறதென்பதால்தான் அம்மா கேட்கிறா என்று நினைத்தேன். வெளியே பெண்கள் அழுதுகொண்டிருக்க, நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, மிஸ் சொல்லித்தந்த குரலில் மாட்டுத் திருடனின் கதையை முதலிலிருந்து முடிவுவரை ஒப்புவித்தேன். அந்தச் சொற்கள் வருகிற இடமெல்லாம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அப்படிச் சொன்னால் புள்ளி கூடும் என்று மிஸ் சொல்லியிருந்தா. அம்மாவுக்கு இங்கிலிஸ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கடைசிவரை கேட்டா. முடிந்ததும் குடத்திலிருந்து தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்தா.

அதற்குள் மூப்பர் வந்து முற்றத்தில் நின்றார். எங்கள் மாதா கோயில் காரியங்களைப் பார்க்கிறவர் அவர். வெள்ளை வேட்டி, தோளில் துவாய், குரலைத் தாழ்த்திக் கதைக்கிறவர். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். மணி கேட்டால் படகுகளை இழுத்து மேட்டில் ஏற்றிவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை ஒருவரும் கடலில் இறங்க மாட்டார்கள். செத்தவருக்கு ஊர் செய்கிற மரியாதை அது. ஆனால் வீட்டுக்காரர் சொல்லாமல் மணியில் கை வைப்பதில்லை. அதைக் கேட்கத்தான் மூப்பர் வந்தார்.

"பிள்ளை, மனதைத் தேற்று. அக்கரையிலிருந்து அவரைக் கொண்டுவர நாள் எடுக்கும். அதுவரைக்கும் ஆத்துமாவைச் சும்மா விடக்கூடாது. மணியை அடிக்கட்டோ?"

முற்றத்து ஓரத்தில் சித்தப்பாவும் வேறு ஐந்தாறு ஆம்பிளைகளும் நின்றார்கள். தண்ணீர்க் கேன்களையும் மண்ணெண்ணெயையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், விடியப் புறப்படுவதற்கு. அவர்கள் ஒருவரும் அம்மாவைப் பார்க்கவில்லை.

அம்மா நேரே மாமியிடம் போய்க் குனிந்து, பாயில் கிடந்த போனை எடுத்தா. கடைசியாக வந்த இலக்கத்துக்கே திரும்ப எடுத்தா. சத்தம் வெளியே கேட்கிற போன் அது. முற்றத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"பிள்ளை, நீ கண்டனியோ?"

"இல்லை அத்தை. பக்கத்து ரூம் அக்காதான் சொன்னாங்க."

"அவ கண்டவவோ?"

"அவங்க வீட்டுக்காரர் டிவியில பாத்தாராம்."

"டிவியில முகத்தைக் காட்டினவங்களோ?"

"முகத்தை மூடியிருந்தாங்களாம் அத்தை."

"அப்ப உத்தரியத்தை ஆர் கண்டது?"

அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. பிறகு, "எனக்குத் தெரியல அத்தை. எல்லாரும் சொன்னாங்க" என்றாள்.

அம்மா போனை மாமியின் பக்கத்தில் மெதுவாக வைத்தா. மூப்பரிடம் வந்தா. அம்மா ஊர்ப் பெரியவர் ஒருவரோடு முகத்துக்கு முகம் நின்று கதைத்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். 

"மணி அடிக்க வேண்டாம் மூப்பர்."

"பிள்ளை, சட்டை வள்ளத்துக்குள்ள கிடந்தது. உத்தரியமும்..."

"உத்தரியம் உங்கட கழுத்திலயும் கிடக்குத்தானே. இந்த முற்றத்தில நிக்கிற எல்லாற்ற கழுத்திலயும் கிடக்கு. அக்கரையிலயும் உத்தரியம் போட்ட சனம்தான் கடலுக்குப் போகுது. நீங்கள் மணியை அடிச்சா நாளைக்கு ஒரு படகும் இறங்காது. அந்த மனிசன் எங்கயாவது உயிரோட கிடந்தா, அவரைத் தேட ஆர் போறது?"

மூப்பரின் கை தன்பாட்டில் சட்டைக் கழுத்துக்குள் போய், நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

மாமி எழும்பி இருந்தா. "ஆரைத் தேடுறது? என்ர தம்பிக்கு ஒரு மணிகூட இல்லையோ? நாய் செத்தமாதிரிக் கிடக்கவோ அவன்? உனக்கென்ன நெஞ்சோ, கல்லோ?"

"மச்சாள், நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ. பிறகு நானே போய்க் கயித்தைப் பிடிச்சு அடிக்கிறன்."

சித்தப்பாதான் குனிந்து ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கினார். வீங்கின கன்னத்தால் சொல் சரியாக வரவில்லை. "நாங்கள் விடியப் போறம் அண்ணி" என்றார். மூப்பர் துவாயை எடுத்து மற்றத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வந்திருந்த பெண்களில் பாதிப்பேர் எழும்பிப் போய்விட்டார்கள். புருஷன் செத்தும் அழாத பெண்ணின் வீட்டில் எப்படி இருப்பது? போகும்போது படலையடியில் ஒருத்தி, "முகாமில இருந்து வந்ததுகளுக்கு ஊர் வழக்கம் எங்க தெரியும்" என்றது எனக்கும் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்தத் துணிவு வந்திருக்குமா? மணி அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டால் ஊர் முழுவதும் வந்து அணைத்துக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றதால் அம்மா தனித்துப்போனா. அம்மா நினைத்தது பிழையாகியிருந்தால், புருஷனுக்கு மணிகூட அடிக்க விடாதவள் என்ற பெயர்தான் வாழ்நாள் முழுக்க.

விடியப் படகுகள் போயின. மாமி கரைக்கு வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்புச் சேலையைத் தேடி அலுமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் மணலில் இருந்தோம். அம்மா ஒவ்வொரு படகும் போகும்போது அதில் எத்தனை தலை என்று எண்ணச் சொன்னா. சித்தப்பாவின் படகில் மூன்று. எனக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது முதலில் சத்தம் கேட்டது. பிறகு படகு தெரிந்தது. நான் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பவும் எண்ணினேன்.

"அம்மா, நாலு தலை."

"வடிவாப் பார்."

"நாலு அம்மா. ஒண்டு சரிஞ்சு கிடக்கு."

அம்மா சேலையோடு கடலுக்குள் இறங்கி நடந்தா. இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை.

எஞ்சின் நின்று, நங்கூரக் கயிறும் அறுந்து, கொண்டல் காற்று வள்ளத்தை மேற்கே தள்ளிக்கொண்டு போய், இந்தியாவுக்குப் போகிற வழியில் கடல் நடுவே மேடிட்டுக் கிடக்கும் மணல் தீடை ஒன்றில் மோத விட்டிருக்கிறது. அப்பா இறங்கி வள்ளத்தை மேலே இழுக்கப் பார்த்திருக்கிறார். அலை ஒன்று வந்து அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு மரமில்லை, நிழலில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, மணலும் கடல்குருவிகளும்தான். வெயிலுக்கு ஈர மணலைத் தோண்டி மேலில் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். சித்தப்பா கண்டபோது எழும்பி நிற்க அவருக்குப் பெலமில்லை. கையை மட்டும் தூக்கினாராம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் இல்லை என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்பாவின் உதடுகள் வெடித்திருந்தன. முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. நான் பயந்து பின்னால் நின்றேன். கழுத்தில் உத்தரியம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. படகிலேயே சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்; மூப்பர், மணி, குசினி, நான் வாங்கின அடி. அப்பா கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடித்தார்.

"நான் செத்திட்டனாம்" என்றார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "அலசட்லி."

அம்மா அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதா. அழுதுகொண்டே சிரித்தா. என்னைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்து அணைத்து, அடித்த கன்னத்தில் முத்தமிட்டா. உப்பாக இருந்தது.

மாமி கறுப்புச் சேலையோடு கரைக்கு ஓடிவந்தா. தம்பியைக் கண்டதும் இரண்டு கையாலும் அவருடைய தோளில் அடித்தா. "செத்துத் துலைஞ்சிட்டாய் எண்டு தொண்டை கிழியக் கத்தினனே! சொல்லாமக் கொள்ளாமப் போய் மணலில படுத்துக் கிடந்தனியோ?" ஆட்கள் பிடித்து இழுத்துத்தான் அப்பாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு கிழமைக்குள் கதை மாறிவிட்டது. வேலிக்கு மேலால் யாருக்கோ மாமி சொல்லிக்கொண்டிருந்தா: "எனக்கு அப்பவே தெரியும், தம்பிக்கு ஒண்டும் வராது எண்டு. நான்தான் மணி அடிக்க விடேல்லை."

"சப்போசட்லி" என்றேன்.

அம்மா என்னை முறைக்கவில்லை. அப்பா கட்டிலில் கிடந்தபடி சிரித்து இருமினார்.

போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசுதான் கிடைத்தது. சரியான இடத்தில் நிறுத்தவில்லை என்றார்கள். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. 

அடுத்த ஆடித் திருவிழாவுக்கு நேர்த்தி செலுத்த எல்லோரும் மடு மாதா கோயிலுக்குப் போனோம். மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, மாமி சமைத்து, அப்பா தங்கச்சியைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்து, எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம். மாதாவுக்கு முன்னால் அம்மா ஒரே உயரத்தில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினா. ஒன்று அப்பாவுக்கென்று எனக்குத் தெரியும்.

"மற்றது ஆருக்கம்மா?"

"அக்கரையில இருக்கிற ஒராளுக்கு."

முகாமிலிருந்து போன் எடுத்த மாமியின் மகளுக்காக்கும் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. பொய்ச் செய்தி சொல்லி வீட்டை அழவைத்தவளுக்கு, அப்பாவுக்கு வைத்த அதே உயரத்தில் ஒரு மெழுகுதிரியா? அம்மா எவரையும் வெகு லேசில் மன்னித்துவிடுகிறவ என்று கன காலமாக அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

காற்று வீசியது. அப்பாவின் மெழுகுதிரி ஒரு தரம் அணைந்தது; அம்மா அதைத் திரும்பக் கொளுத்திவிட்டு விட்டுவிட்டா. மற்றதற்கு மட்டும் சேலைத் தலைப்பை விரித்து மறைப்புப் பிடித்துக்கொண்டு நின்றா. பஸ் வெளிக்கிடப்போகிறது என்று மாமி தூரத்திலிருந்து கத்தினா. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "இது முடியட்டும்" என்றா.

அக்கரையில் சடலமாக ஒதுங்கியவரை யாரோ கண்ணால் கண்டிருந்தார்கள். அவருடைய முகத்தை மூடினார்கள். கழுத்தில் ஒரு நூல் இருந்ததோ இல்லையோ, அவரைத் தேடி ஒரு கரையில் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் இருந்திருப்பார்கள். படகுகளில் தலைகளை எண்ணியிருப்பார்கள். என் பெரிய சொற்களில் ஒன்றையும் அவர்களுடைய செய்திக்கு முன்னால் போட்டிருக்க முடியாது. அது அன்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் போய்விடும் என்பதுதான் என் கவலை. மெழுகுதிரி அடிவரை எரிந்து முடியும்வரை அம்மா தலைப்பை எடுக்கவில்லை.